உடல் அவரவருடையது, பாதுகாப்பு அனைவரின் பொறுப்பு
உடல் சீரமைப்பு, உடல் மேம்பாடு குறித்த எங்கள் நிலைப்பாடு

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் ஒரு மருத்துவமனையால் வந்தது. 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு நலவாழ்வு இல்லத்தைத் தொடங்கினார். காசநோயைக் குணப்படுத்தும் மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு இவற்றை வைத்தே நோயாளிகளைத் தேற்றப் பார்த்தார்கள். இன்று அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், குரோம்பேட்டையில், கல்லீரலையும் நுரையீரலையும் மாற்றி வைக்கிறார்கள். அங்கே ஓடும் ஜி.எஸ்.டி. சாலையின் மாடிக் கட்டடங்களில் முடி நடவும் தோலை வெளுக்கவும் மாதத் தவணையில் அழைக்கிறார்கள்.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், மேடவாக்கம் பகுதிகளின் மாற்றுத்திறனாளிகள், அவர்களுடைய குடும்பத்தார், செவிலியர்கள், ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. உடலைத் திருத்தி அமைப்பது எதுவரை சரி என்ற கேள்வி எங்கள் கூட்டங்களில் பல ஆண்டுகளாக எழுந்துவருகிறது. 2024 ஏப்ரலுக்குப் பிறகு அதைத் தள்ளிப்போட முடியவில்லை.

அந்த மாதம், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்காகப் புதுச்சேரியிலிருந்து பம்மலில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்த 26 வயது இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. அந்த நாட்களில் டீக்கடையிலும் ரயில் பெட்டியிலும் நாங்கள் கேட்ட பேச்சு எங்களை வருத்தியது. "இருக்கிற உடம்போடு இருந்திருக்கலாமே" என்று இறந்தவர் மீதே பழியைப் போட்டார்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை. மிகை எடை நீரிழிவையும் மூட்டுத் தேய்மானத்தையும் தூக்கத்தில் மூச்சுத் தடையையும் கூட்டிவருகிறது. அதற்குச் சிகிச்சை தேடுவதில் குற்றம் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட அறுவை சிகிச்சை எங்கே நடந்தாலும் கேட்க வேண்டியவை வேறு. ஆபத்து என்னவென்று நோயாளிக்குப் புரியும்படி சொன்னார்களா? அவசரம் வந்தால் காப்பாற்ற அங்கேயே ஏற்பாடு இருந்ததா?

இயற்கை, செயற்கை என்று பிரித்து ஒன்றை நல்லதென்றும் மற்றதைக் கெட்டதென்றும் நாங்கள் சொல்லப்போவதில்லை. வெட்டிய கைக்குப் பதில் பொன்னால் கை செய்து பொருத்திக்கொண்ட பாண்டியனின் கதையைப் பெருமையோடு சொல்லிவரும் மக்கள் நாம். எங்களுக்கு முக்கியமானவை மூன்று: முடிவு யாருடையது, உண்மை தெரிந்து எடுத்ததா, தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு. இவற்றை வைத்தே கீழ்க்கண்ட நிலைப்பாடுகளை எடுத்திருக்கிறோம்.

1. சீரமைப்பு உரிமை

எங்கள் உறுப்பினர் ஒருவர் தண்டவாளத்தைக் கடக்கும்போது வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர். இலவச முகாம் ஒன்றில் செயற்கைக் கால் கொடுத்தார்கள். மாலை போட்டுப் புகைப்படம் எடுத்தார்கள். ஆறே மாதத்தில் எஞ்சிய தொடை மெலிந்தது, அதைப் பிடித்து நிற்கும் சாக்கெட் தளர்ந்தது. இரண்டு உறைகளை மாட்டி இறுக்கிப் பார்த்தார். சித்திரை வெயிலில் உள்ளே வியர்வை தேங்கித் தோல் உரிந்தது. இப்போது அந்தக் கால் பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. அவர் ஊன்றுகோலுக்கே திரும்பிவிட்டார்.

செயற்கைக் காலைக் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. மறுபடி அளவெடுக்க வேண்டும், சாக்கெட்டை மாற்ற வேண்டும், நடைப்பயிற்சி தொடர வேண்டும். இதற்கான அறிவு நம் பக்கத்திலேயே இருக்கிறது. கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2022இல் வெளியிட்ட ‘கதம்’ முழங்கால் மூட்டு, பேருந்திலும் ஆட்டோவிலும் ஏறி உட்காரும் நம் தேவையை நினைத்து நன்றாக மடங்கும்படி செய்யப்பட்டது. ஆனால் சாக்கெட்டைச் சரிசெய்ய ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ரயிலும் பேருந்தும் மாறிப் போக வேண்டியிருப்பவருக்கு இவையெல்லாம் எட்டாத தூரம்.

2. சீரமைக்காமல் இருப்பதும் உரிமை

காது கேளாத சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. இதை மனதார வரவேற்கிறோம். ஆனால் கருவி இருக்கிறது என்பதைக் காரணம் காட்டிச் சைகை மொழியை வகுப்பறையிலிருந்து வெளியேற்றக் கூடாது. செயற்கைக் காலைவிடச் சக்கர நாற்காலியே வசதி என்பவருக்குச் சாய்வுதளம் வேண்டும். உடலைக் கட்டடத்துக்கு ஏற்றபடி மாற்று என்று யாரையும் நிர்ப்பந்திக்க முடியாது.

3. குழந்தையின் உடலில் பெரியவர்களின் அவசரம் கூடாது

இடைப்பாலினக் குழந்தைகளை ஆண் அல்லது பெண் என்று ஆக்கிவிட, அவர்களுக்கு நினைவு தெரியும் முன்பே அறுவை சிகிச்சை செய்யும் வழக்கம் இருந்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற நேரங்களில் இதைத் தடைசெய்து ஆணையிட்டது. இந்த நெறி எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் என்கிறோம். காத்திருக்கக்கூடிய எந்த மாற்றமும் அந்தக் குழந்தை வளர்ந்து தானே முடிவெடுக்கும்வரை காத்திருக்கட்டும்.

4. ஒருவரின் வறுமை இன்னொருவருக்கு உதிரிபாகம் ஆகக் கூடாது

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், மூளைச்சாவு அடைந்த தம் மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது அதன் பிறகுதான். 2023இல் உறுப்பு தானம் செய்தோரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை அறிவிக்கப்பட்டது. அதே தமிழ்நாட்டில், 1994இன் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடுத்திருந்தும், 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் விலைபோன செய்தி வந்தது. இறந்தவர் கொடை பெருகினால்தான் தரகருக்கு வேலை இல்லாமல் போகும்.

5. அழகும் வலிமையும் விரும்புவது தவறில்லை, ஏமாற்றுவது தவறு

வயது வந்தவர் முடி நட்டுக்கொள்வதையோ முகத்தைத் திருத்திக்கொள்வதையோ நாங்கள் ஏளனம் செய்ய மாட்டோம். பெண் பார்க்க வந்த இடத்தில் நிறத்தைக் கேட்கும் சமூகம், வெளுக்கும் ஊசிக்குப் போகிறவரைக் கேலி செய்யும் தகுதியை இழந்துவிட்டது. எங்கள் கோபம் அந்தக் கூச்சத்தைக் காசாக்குவோர் மீது. முடி நடும் சிகிச்சையைத் தகுந்த பயிற்சி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும், காணொளி பார்த்துக் கற்றது போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டியது. இருந்தும் மருத்துவரல்லாதவர்கள் உடலில் கத்தி வைப்பது நிற்கவில்லை: 2024 டிசம்பரில் திருச்சியில், பச்சை குத்தும் கடையில் நாக்கைப் பிளந்ததாக இருவர் கைதானார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் ‘சப்ளிமென்ட்’ என்ற பெயரில் இளைஞர்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பதையும் இதே குற்றமாகவே பார்க்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

• தாம்பரம் அரசு மருத்துவமனையில் செயற்கை உறுப்புகளை அளவெடுக்கவும் பழுதுபார்க்கவும் நிரந்தரப் பிரிவு வேண்டும்.
• அறுவை சிகிச்சை ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் அதை வாய்விட்டு விளக்க வேண்டும்.
• அழகு சிகிச்சை நிலையங்களின் பதிவையும் மருத்துவரின் தகுதியையும் மருத்துவப் பணிகள் துறை ஆய்வு செய்து, முடிவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.
• பொதுப் பணம் முதலில் நடக்கவும் கேட்கவும் கையால் பிடிக்கவும் முடியாதவர்களுக்குச் செல்ல வேண்டும்.

இப்பகுதி மக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உடலில் கத்தி படும் முன் மூன்றே கேள்விகள் கேளுங்கள். செய்யப்போகிறவர் யார், அவர் என்ன படித்திருக்கிறார்? என்னவெல்லாம் தவறக்கூடும்? தவறினால் இந்தக் கட்டடத்திலேயே என்னைக் காப்பாற்ற முடியுமா? தெளிவான பதில் வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.