தேனீயின் மணமொழி

மொழியென்பது வாயிற் பிறந்து செவியிற் புகுவதொன்றே எனப் பலரும் கருதுவர். கண்ணசைவும் கையசைவும் கருத்தை உணர்த்தும் என்பதை ஒருவாறு ஒப்புக்கொள்வர். மூக்கினால் அறியப்படும் மொழியும் ஒன்றுண்டு எனக் கூறின், அதனை நம்புவார் சிலரே. தேனீக்களின் மொழியிற் பெரும்பகுதி அத்தகையது. அம்மொழியை நாம் அறியாமையால் தேனீயும் மடிகிறது, மனிதனும் துன்புறுகிறான். இவ்வுண்மையை அன்பர் முன் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓருயிரின் உடலிற் சுரந்து வெளிப்பட்டு, அதே இனத்தைச் சார்ந்த மற்றோருயிரின் செயலை மாற்றும் பொருளுக்குக் கார்ல்சன், லூஷர் என்னும் இருவர் 1959-இல் பெரமோன் என்று பெயரிட்டனர். பெயர் புதிது, பொருள் மிகப் பழையது. தேனீயின் உடலில் இதனைச் சுரக்கும் சுரப்பிகள் பலவுள. இராணியின் தாடைச் சுரப்பியிற் பிறக்கும் பொருள் அவள் இருப்பைக் கூடெங்கும் அறிவித்து, வேலைக்காரத் தேனீக்களின் சூலகம் வளராவண்ணம் தடுக்கிறது. வேலைக்காரத் தேனீயின் வயிற்று நுனியருகே முதுகுப்புறத்தில் அமைந்த நசானவ் சுரப்பி, எலுமிச்சம்புல்லை ஒத்த நறுமணத்தை வீசி, வழி தப்பிய தோழரைக் கூட்டிற்கு அழைக்கிறது. கொடுக்கின் அருகிலுள்ள சுரப்பியோ போர்முரசு கொட்டுகிறது.

குளிர்நாடுகளிலும் நம் இமயமலைச் சாரலிலும் பம்பிள் பீ எனப்படும் தேனினம் ஒன்று வாழ்கிறது. உடல் பருத்து உரோமம் செறிந்த அவ்வினம் நம் சமவெளியில் இல்லை. அது மணமொழியில் வேறு சில சொற்களை வழங்குகிறது. உணவு கண்டு மீண்ட பம்பிள் பீ, நம் தேனீயைப் போல ஆடி வழிகாட்டுவதில்லை. கூட்டினுள் அங்குமிங்கும் ஓடித் தன் முதுகுச் சுரப்பியின் மணத்தைப் பரப்பி, உணவுண்டு என்பதை மட்டும் உணர்த்தித் தோழரை எழுப்புகிறது. மலரில் அது பதித்துச் செல்லும் அடித்தடத்தின் மணத்தை மோந்து, பின்வரும் ஈயானது அம்மலரில் தேன் வற்றியதென அறிந்து அகல்கிறது. ஆண் ஈக்கள் நாள்தோறும் ஒரே பாதையிற் பறந்து, குறித்த சில இடங்களைச் சுற்றிச் செல்வதை 1854 தொடங்கி டார்வின் தம் மக்களின் துணைகொண்டு ஆராய்ந்தார். அவ்விடங்களில் அவை தலையிலுள்ள சுரப்பியின் மணத்தைப் பூசிச் செல்கின்றன என்பது பின்னரே புலனாயிற்று.

இவையெல்லாம் மேனாட்டார்க்கே உரிய செய்தி என்று தமிழ் பயிலும் நாம் வாளாவிருத்தல் தகாது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில், தன் தலைவியின் கூந்தலினும் நறுமணமுள்ள மலர் உண்டோ எனத் தலைவன் தும்பியை வினவுகின்றான். மணம்பற்றிய வழக்கிற்குத் தும்பியையே நடுவராக வைத்தவர் நம் முன்னோர். அந்நடுவரை இன்று நாம் எங்ஙனம் நடத்துகிறோம்?

நம் மாணவர் பலர் படிப்பு முடித்துப் பணிநாடிச் செல்லும் திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998-இலும், ஒரகடத்தில் ரெனால்ட் நிசான் தொழிற்சாலை 2010-இலும் கார் செய்யத் தொடங்கின. ஏரியும் வயலுமாய்க் கிடந்த நிலம் தொழில்நகராயிற்று. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறளிக்கும் அவ்வளர்ச்சியைப் பழித்தல் என் கருத்தன்று. ஆயின், உயர்ந்த கட்டடமும் நீர்த்தொட்டியும் மலைத்தேனீக்கு மலைப்பாறையே ஆகும். பொந்தினுட் புகாமல், வெட்டவெளியில் ஒற்றை அடையைத் தொங்கவிட்டு வாழ்வது அதன் இயல்பு. அத்தகைய அடையொன்றைக் கண்டவுடன் கல்லெறிதலும், தீப்பந்தம் நீட்டலும், பூச்சிமருந்து தெளித்தலும் எங்கும் நம்மவர் வழக்கமாய்விட்டன.

அதன் விளைவு யாது? கொட்டிய தேனீயின் கொடுக்குத் தசையிற் பதிந்து நின்றுவிடும். அங்கிருந்து பழுத்த வாழைப்பழத்தின் மணம் போன்றதொரு மணம் எழும். ஐசோஅமைல் அசிட்டேட் என்னும் அப்பொருளை வேதியியலார் 1962-இல் கண்டறிந்தனர். பகைவன் இங்குளன் என்று அம்மணம் குறி வைத்துவிட, அடுத்த ஈயும் அவ்விடத்தையே நாடிக் கொட்டும். மலைத்தேனீயினிடம் இதனினும் நெடுநேரம் நிலைக்கும் வேறொரு பொருளும் உண்டு. ஆதலின் கையை வீசி அடிப்பவனும், அடித்த ஈயை நசுக்குபவனும் தம்மீது தாமே குறி வைத்துக்கொள்கின்றனர். இங்கிலாந்தில் சார்லஸ் பட்லர் என்னும் குருவானவர் 1609-இலேயே, ஒருவன் கொட்டுண்டால் உடனே அவ்விடம் விட்டு அகல்க, நஞ்சின் நாற்றம் ஏனைய ஈக்களை அழைத்துவரும் என எழுதி எச்சரித்தார். நானூறாண்டுகள் கழிந்தும் நாம் அதனைக் கற்றிலோம்.

தொழிலாளரின் உயிரினும் ஈ பெரிதோ என்று சிலர் வினவலாம். அன்று. அவருயிரைக் காத்தற்பொருட்டே இவ்வறிவு வேண்டுமென்கிறேன். கல்லெறிந்தவன் ஓடி மறைவான். கொட்டுண்பவன் ஏதுமறியாது கீழே நடந்துசெல்லும் தொழிலாளியே. புகை அபாய மணத்தை மறைத்து ஈக்களின் சினத்தைத் தணிக்கும் என்பதைத் தேனெடுப்போர் நெடுங்காலமாகவே அறிவர். நீலகிரிக் குறும்பர் செங்குத்தான பாறைகளில் இறங்கித் தேனெடுப்பதும் புகையின் துணைகொண்டே.

இனி, மற்றொரு புகையும் உண்டு. அது மணமொழியின் சொற்களையே அழிப்பது. டீசல் புகை பட்டவுடன் மலர்மணத்தின் கூறுகள் சில ஒரு நிமிடத்திற்குள் மறைந்தொழிவதையும், அங்ஙனம் சிதைந்த மணத்தைத் தேனீக்கள் அறிந்துகொள்ள இடர்ப்படுவதையும் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்டனர். நம் அண்டை நகராகிய பெங்களூரில் கீதா திம்மேகவுடாவும் அவர் தோழரும் மலைத்தேனீயையே ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கொடிது. காற்று மாசுற்ற இடங்களில் மலர்களுக்கு வந்த தேனீக்கள் குறைவு. அங்குப் பிடித்தவற்றில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை ஒரு நாளைக்குள் மடிந்தன. சென்னை பெங்களூர்ப் பெருவழியிலும், வண்டலூர் வாலாஜாபாத் சாலையிலும் இரவுபகல் ஓயாது செல்லும் பாரவண்டிகளை நினைக்குந்தோறும் அம்முடிவு நெஞ்சை உறுத்துகிறது. எள்ளும் பூசணியும் மாவும் காய்ப்பதற்கு ஈக்களின் உழைப்பு வேண்டும். ஈக்கள் குன்றின் உழவனின் விளைச்சலும் குன்றும்.

கிறித்தவக் கல்வியின் நிழலில் வளரும் நமக்கு இத்துறை புதிதன்று. நியூட்டன் என்னும் குருவானவர் 1911 முதல் 1917 வரை தென்னாட்டுச் சிற்றூரார்க்குத் தேனீ வளர்ப்பைப் பயிற்றினார். அவர் அமைத்த பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஸ்பென்சர் ஹாட்ச் என்பார் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. வாயிலாக 1920-களில் அத்தொழிலை ஏழை மக்களுக்கு ஊன்றுகோலாக்கினார். 1990-களின் தொடக்கத்தில் வந்த நச்சுயிர் நோய் தென்னாட்டில் எண்ணற்ற கூடுகளை அழித்தபோதும், அவ்வட்டாரத்தார் அத்தொழிலைக் கைவிட்டிலர். ஏழைக்கு உதவுவதும் இறைவன் படைப்பைப் பேணுவதும் வேறுவேறு பணிகள் அல்ல என்பதற்கு அவர்கள் வாழ்வே சான்று.

யாம் வேண்டுவன சிலவே. ஆட்கள் நடமாடாத உயரத்திலுள்ள அடையை அதன் போக்கில் விட்டுவிடுக. மலைத்தேனீ பருவந்தோறும் இடம்பெயர்வதாதலின் தானே அகன்றுவிடும். அகற்றியே தீரவேண்டின், அத்தொழில் வல்லாரை அழைத்து, தொழிலாளர் நடமாட்டமில்லாத வேளையில் அகற்றுக. கொட்டுண்டவன் ஈக்களை அடிக்காமல் மூடிய அறைக்குள் ஓடுவதையும், கொடுக்கை உடனே நகத்தாற் சுரண்டி எடுப்பதையும், பல ஈக்கள் கொட்டியிருப்பின் மருத்துவமனைக்கு விரைவதையும் தொழிற்சாலைகளின் பாதுகாப்புப் பாடத்திற் சேர்த்திடுக. ஆலை வளாகங்களிலும் சாலையோரங்களிலும் வெறும் புல்தரையை விரிப்பதை விடுத்துப் புங்கு, வேம்பு, புளி, நாவல் முதலிய தேன்மரங்களை நடுக. இவற்றுள் எதுவும் பெருஞ்செலவினது அன்று.

நம்முள் சிலர் நாளை அத்தொழிற்சாலைகளில் பொறுப்பேற்பர். முன்னாள் மாணவர் பலர் இன்றே ஏற்றிருத்தல் கூடும். அவர்கள் மேசைக்குத் தேன்கூட்டை அழிக்க இசைவு கோரும் தாளொன்று வருமாயின், கையெழுத்திடுமுன் ஒரு கணம் பொறுத்து, அக்கூட்டை அறிந்தவரை வினவுவாராக. அவ்வொரு கணமே பல்லாயிரம் ஈக்களின் உயிரையும், கீழே நடப்பவன் உயிரையும் ஒருங்கே காக்கும்.