சிதைந்தது கல்லா, வெளிச்சமா?

"ஒளிப்படம் எடுப்பது தொழில்நுட்பர் வேலை, வாசிப்பதே ஆய்வாளர் வேலை." நம் மொழி, வரலாற்றுத் துறைகளில் நெடுங்காலமாகச் செல்லுபடியாகிவரும் இந்த வாக்கியம் தவறானது, தவறானது மட்டுமன்று, ஆய்வுக்குக் கேடு விளைவிப்பது. தேய்ந்த கல்வெட்டை வாசிப்பவர் காண்பது எழுத்தை அன்று. எழுத்தின் பள்ளத்தில் விழும் நிழலை. நிழலை உண்டாக்குவது விளக்கு. ஆகவே விளக்கை எந்தப் பக்கம் வைப்பது, எந்த நொடியில் ஒளிரச் செய்வது என்று தீர்மானிப்பவர் வாசிப்பின் பாதியை அங்கேயே முடித்துவிடுகிறார். அந்தப் பாதியை நாம் தற்செயலின் கையில் விட்டிருக்கிறோம்.

2023-24ஆம் நிதியாண்டுக்கான ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில், மின்னணுக் கல்வெட்டு அருங்காட்சியகம் ஒன்று அமைக்கப்படும் என்றும், முதற்கட்டமாக ஓர் இலட்சம் பழங்கல்வெட்டுகள் எண்மமாக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால் எண்மமாக்கல் என்றவுடன் நாம் பேசுவதெல்லாம் மெகாபிக்சல் எவ்வளவு, சேமிப்பகம் எவ்வளவு, தேடும் வசதி உண்டா என்பவற்றையே. வெளிச்சம் எங்கிருந்து விழுந்தது என்று கேட்பவர் அரிது. கேமராவுக்கு மேலேயே பொருத்திய ஃபிளாஷால் நேருக்கு நேர் எடுத்த படத்தில் பள்ளமும் மேடும் ஒரே வெண்மையாகிவிடுகின்றன. அதை எத்தனை மெகாபிக்சலில் சேமித்தாலும் சேமிக்கப்படுவது எழுத்தின்மைதான்.

இது வெறும் அழகியல் பிரச்சினை என்று எண்ணுவோர் புவனேசுவரத்துக்கு அருகில் உதயகிரியில் உள்ள ஹாதிகும்பா கல்வெட்டை நினைத்துப் பார்க்கட்டும். காரவேலனின் பதினேழு வரிகள், குகைப் பாறையின் நெற்றியில், திறந்த வெளிக்கு முகம் காட்டி, மிகத் தேய்ந்த நிலையில் இருக்கின்றன. கிட்டோ எடுத்த கண்படியைக் கொண்டு ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் அதை வெளியிட்ட நாள் முதல் வாசிப்புச் சண்டை ஓயவில்லை. எட்டாம் வரியில் ஒரு யவன அரசனின் பெயர் "திமித" என்று ஜெயஸ்வாலும் பானர்ஜியும் வாசித்தனர். நடுவில் உள்ள "மி" தவிர மற்ற எழுத்துகள் உறுதியானவை அல்ல என்பதே பலர் கருத்து. அந்த ஓரிரு எழுத்தின்மேல் காரவேலனின் காலக்கணிப்பு முழுவதையும் தூக்கி நிறுத்தியோர் உண்டு. தமிழ்நாட்டுக் கூட்டணியைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் பதினோராம் வரியின் ஆண்டுக்கணக்கு 113ஆ, 1300ஆ என்பது வேறு வகை வழக்கு. அது தொகைச்சொல்லைப் பிரித்துப் பொருள்கொள்ளும் இலக்கணச் சிக்கல், எந்த விளக்கும் தீர்க்காது. முன்னதோ கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்ற சிக்கல். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் விவாதிப்பதே நம் பழக்கமாகிவிட்டது.

ஒளியின் திசை எழுத்தை எப்படி மாற்றும்? பழைய பிராமியில் "க" என்பது கூட்டல் குறி. "ர" என்பது பெரும்பாலும் ஒற்றைச் செங்குத்துக் கோடு. விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாறையை உரசினாற்போல் ஒளி பாய்ச்சினால் செங்குத்துக் கோட்டில் நிழல் ஆழமாக விழும். ஒளி செல்லும் திசையிலேயே கிடக்கும் குறுக்குக் கோடு மங்கிவிடும். தேய்ந்த கல்லில் "க" அங்கே "ர" ஆகிவிடலாம். ஆகார, ஏகாரக் குறிகளும் மேலே ஒட்டிய சிறு கிடைக்கோடுகளே. அவற்றுக்கும் அதே கதி. மேலிருந்து ஒளி பாய்ச்சினால் நிலைமை தலைகீழ். ஆகவே ஒரே படத்தை வைத்துக்கொண்டு "தெளிவாகத் தெரிகிறது" என்று எழுதும் எவரும் ஒற்றைச் சாட்சியை மட்டும் விசாரித்துத் தீர்ப்பு எழுதுகிறார். குறைந்தது நான்கு திசை, முடிந்தால் எட்டுத் திசை வேண்டும்.

இங்கேதான் நாம் இழிவாகக் கருதும் "தொழில்நுட்பம்" நுழைகிறது. திறந்த பாறையில் சூரியன் நமக்காக இடம் மாறி நிற்காது. அதன் ஒளியை அடக்கி, நம் ஒளியை மேலோங்கச் செய்ய வேண்டும். ஃபிளாஷ் வெடிப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் முடிந்துவிடுவதால் ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் வெயில் மட்டும் குறையும், ஃபிளாஷ் குறையாது. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. ஷட்டரில் இரண்டு திரைகள். முதல் திரை திறந்து முடித்து, இரண்டாவது மூடத் தொடங்கும் முன் சென்சார் முழுவதும் வெளிப்பட்டிருக்கும் மிகக் குறுகிய நேரமே சிங்க் ஸ்பீடு எனப்படும் ஒத்திசைவு வேகம். பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250 நொடி. அதைத் தாண்டினால் இரண்டாம் திரை முந்திக்கொண்டு படத்தின் ஓரத்தில் கருப்புப் பட்டையாக விழும். முழுக் கருப்பாக விழுந்தால் தப்பித்தோம். பிழை என்று யாரும் அறிவர். எல்லையைச் சற்றே தாண்டும்போது விளிம்பு மங்கிய மெல்லிய இருளாக அது விழுகிறது. அதைப் பிற்காலத்தில் பார்ப்பவர், "கடைசி வரி சிதைந்துள்ளது" என்று அடிக்குறிப்பு எழுதுவார். கல் செய்யாத சிதைவைக் கேமரா செய்துவிட்டது.

கணக்கும் எளியதே. ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்று வைத்தால் தெளிந்த வெயிலுக்கு ஏற்ற ஷட்டர் நேரம் சுமார் 1/100 நொடி. 1/200க்குப் போனால் வெயில் பாதியாகும். மீதியை ஒரு பெரிய கருப்புக் குடை பிடித்து மறைக்கலாம். "ஹை ஸ்பீடு சிங்க் வசதி இருக்கிறதே, 1/2000 வைக்கலாமே" என்பது கடைக்காரரின் அறிவுரை. அம்முறையில் ஃபிளாஷ் ஒரே வெடிப்பாக இல்லாமல் தொடர் துடிப்புகளாக எரிகிறது. ஆகவே ஷட்டரைக் கூட்டக் கூட்ட வெயிலோடு ஃபிளாஷும் சேர்ந்தே குறையும். சாய்ந்து விழும் ஒளி ஏற்கெனவே மெலிந்தது; அதை மேலும் மெலியவைப்பதால் ஆவது ஒன்றுமில்லை.

கேமராவிலிருந்து பிரித்து வைத்த ஃபிளாஷை இயக்க ரேடியோ டிரிக்கர் வேண்டும். ஒளியைக் கொண்டோ அகச்சிவப்புக் கதிரைக் கொண்டோ இயங்குபவை கடும் வெயிலில் ஏமாற்றும். விளக்கு பாறைக்குப் பின்னே போனாலும் ஏமாற்றும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் டிரிக்கர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சில டிரிக்கர்கள் சமிக்ஞையை நுண்ணளவு தாமதித்தே சேர்க்கின்றன. அந்தத் தாமதமே 1/250இல் பட்டையை வரவழைக்கப் போதும். களத்துக்குப் போகும் முன் ஒரு வெள்ளைச் சுவரை 1/160, 1/200, 1/250 என்று மூன்று முறை எடுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் "நமது வேலை அன்று" என்கிறோம்.

மறுப்புகளை அறிவேன். மைப்படி போதாதா? மைப்படி மாபெரும் சொத்து. மைசூரில் உள்ள தொல்லியல் அளவீட்டுத் துறையின் கல்வெட்டுப் பிரிவு காத்துவரும் படிகள் இல்லையேல் மறைந்துபோன கற்களின் சொற்களும் மறைந்திருக்கும். ஆயினும் அது ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடித்து எடுப்பது; பொரிந்து உதிரும் பாறை அந்த அடியைத் தாங்காது. கைப்பேசி விளக்கு போதாதா? இருண்ட குகையில், முக்காலி இருந்தால், போதும். வெயிலில் அது எரிவதே தெரியாது. முப்பரிமாண முறைகள் வந்துவிட்டனவே? 2001இல் எச்பி ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் வெளியிட்ட முறையும், அதிலிருந்து வளர்ந்த ஆர்டிஐ எனப்படும் ஒளிமாற்றப் படமுறையும் அடிப்படையில் பல திசை ஒளியில் எடுத்த பல படங்களின் தொகுப்பே. சுற்றொளியை அடக்கத் தெரியாதவர் தரும் ஐம்பது மோசமான படங்களிலிருந்து எந்த மென்பொருளும் ஒரு நல்ல எழுத்தைப் பெற்றுத் தராது.

மொழியியல் வகுப்பில் ஒலிப்பதிவு செய்யும் மாணவரிடம் மாதிரி வீதம் என்ன, ஒலிவாங்கி எது, கோப்பு அமுக்கப்பட்டதா என்று கேட்கிறோம். அதைச் சொல்லாத அலைவரைபடத்தை ஆய்விதழ் ஏற்காது. உயிரெழுத்தின் அதிர்வெண்ணுக்குத் தரும் மதிப்பைக் கல்லில் வெட்டிய உயிர்க்குறிக்கு ஏன் தரவில்லை? உபகரணம் இல்லாததால் அன்று. ஒரு ஃபிளாஷ், ஒரு இணை டிரிக்கர், ஒரு தாங்கி, ஒரு குடை ஆகியவற்றின் விலை ஒரு கருத்தரங்கின் விருந்துச் செலவைத் தாண்டாது. கைவேலை தாழ்ந்தது, கருத்துவேலை உயர்ந்தது என்ற பழைய படிநிலைதான் காரணம். கல்லில் எழுத்தை வெட்டியவனின் பெயரை மறந்த அதே மனநிலை, அதைப் படமெடுத்தவரின் பெயரையும் இன்று மறக்கிறது.

ஆகவே மூன்று கோரிக்கைகள். வெளியிடப்படும் ஒவ்வொரு கல்வெட்டுப் படத்தோடும் ஒளியின் திசையும் எடுத்த முறையும் எடுத்தவர் பெயரும் அச்சிடப்பட வேண்டும். அழகான ஒரு படத்தை மட்டுமன்றி எல்லாத் திசைப் படங்களையும் மூலக்கோப்புகளாகப் பொதுவில் வைக்க வேண்டும். கல்வெட்டியல் பாடத்தில் ஒளியமைப்புக்கு ஓர் அலகு ஒதுக்கி, மாணவர் தம் கையால் எடுத்த படங்களைக் கொண்டே வாசிப்புத் தேர்வு நடத்த வேண்டும்.

கல் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் தேய்கிறது. அதை நாம் முழுதாகத் தடுக்க இயலாது. இன்னும் தேயாமல் எஞ்சியிருப்பதைத் தேய்ந்ததாகப் பதிவு செய்வதையாவது நிறுத்தலாம்.