தந்தையின் தொழில் என்ன?

இந்த ஆண்டு பேத்தியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மகனோடு நானும் போயிருந்தேன். மருமகள் அரசு மருத்துவமனையில் செவிலியர். அன்று அவளுக்குக் காலை ஷிப்ட். படிவத்தை மகன்தான் நிரப்பினான். 'தந்தையின் தொழில்' என்ற இடம் வந்ததும் கொஞ்சமும் யோசிக்காமல் 'வீட்டைக் கவனிக்கிறேன்' என்று எழுதினான். எனக்குப் பக்கென்றது. "கன்சல்டன்ட்னு போடேன்டா, யாரு வந்து பாக்கப் போறாங்க" என்று காதோரம் சொன்னேன். "எதுக்குப்பா பொய்?" என்றான், தலையைத் தூக்காமலே.

உள்ளே இருந்த எழுத்தர் இளம்வயதுக்காரர். படிவத்தைப் படித்துவிட்டு ஒருமுறை மகனைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், பிசினஸ்னு போட்டுக்கவா?" என்று கேட்டார். நல்ல பிள்ளை. எங்கள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் கேட்டார். 38 ஆண்டு எழுத்தராக உட்கார்ந்திருந்த நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். மகன் சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலையில் இருந்தான். கொரோனா வந்ததும் வீட்டிலிருந்தே வேலை. 2022-இல் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். குழந்தைக்கு அப்போது மூன்று வயது. மருமகளுக்கு மூன்று ஷிப்ட். இரவுப் பணி முடிந்து வந்தால் பகலில் தூங்கியாக வேண்டும். என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. சம்பந்தியம்மா காலமாகிவிட்டார். இருவரும் பேசி, நிரந்தர அரசு வேலையில் இருப்பவள் இருக்கட்டும், நான் நிற்கிறேன் என்று மகன் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டான். முடிவெடுத்த பிறகுதான் எங்களிடம் சொன்னார்கள்.

நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. படித்த படிப்பென்ன, தெருவில் என்ன சொல்வார்கள், பெண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டேன். மகன் பதில் பேசவில்லை. என் மனைவிதான் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, எல்லோரும் இருக்கையில், "ஏங்க, உங்களுக்குக் கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தாங்களே, அதைக் கொஞ்சம் சொல்லுங்களேன் புள்ளைங்களுக்கு" என்றாள்.

நாற்பது ஆண்டாக யாருக்கும் சொல்லாத கதை அது.

1984. பல வருடம் காத்திருந்து என் மனைவிக்கு அரசுப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. முதல் நியமனம் காரைக்கால். நம்மூரில் அரசு வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். காரைக்கால், மாஹே, யானம் என்று எங்கே தூக்கிப் போட்டாலும் போயாக வேண்டும். காரைக்கால் என்றது எங்கள் அதிர்ஷ்டம், பஸ்ஸில் நான்கு மணி நேரம்தான். அங்கே இன்னொரு டீச்சரோடு ஒரு அறையில் தங்கினாள். சனிக்கிழமை இரவு வருவாள், திங்கள் விடியற்காலை கிளம்புவாள். பையனுக்கு ஒன்றரை வயது. என் அம்மா பார்த்துக்கொண்டார். பிப்ரவரியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பள்ளி ஆண்டு முடிய இன்னும் மூன்று மாதம். வேலையில் சேர்ந்த புதிது, அவளுக்கு விடுப்பு கிடையாது. ராஜினாமா செய்கிறேன் என்று அழுதாள்.

எனக்கு ஈ.எல். கணக்கில் நிறைய இருந்தது. 90 நாள் எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த அலுவல்'. மேலதிகாரியிடம் வீடு ஓடு மாற்றுகிறேன் என்றேன். ஆனால் தெருவுக்கு அந்தக் கதை செல்லாது. ஓடு அப்படியே இருந்தது எல்லோருக்கும் தெரியுமே. ஆம்பளை ஏன் ஆபீஸ் போகாமல் இருக்கிறான்? மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு பட்ட பாடு! முத்தியால்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் தங்கமானவர்கள். எதிர்வீட்டு அக்கா தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும் வரை நின்று பார்ப்பார். கண்ணை விரித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் மஞ்சளாத்தாம்பா இருக்கு" என்பார். எண்ணெய், காரம், மீன் எதுவும் கண்ணில் படக்கூடாது. மூன்று வாரம் கசப்பு மோரும் இட்லியும். இடுப்பு கட்டிய அம்மா ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம், 'காமாலைக்கார' நான் நடுவில்.

அந்தத் தொண்ணூறு நாளில் நான் கற்றது ஆபீசில் கற்றதைவிட அதிகம். பையனுக்குக் கேழ்வரகை ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்து பால் எடுத்துக் கூழ் காய்ச்ச வேண்டும். கட்டி தட்டினால் துப்பிவிடுவான். பீத்துணியைச் சோப்புப் போட்டு அலசும்போது பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். மொட்டைமாடியில் துணி காயப்போடப் போவது இருட்டிய பிறகு. காய்ச்சல் வந்த ஓர் இரவு, விடியும்வரை தோளில் போட்டுக்கொண்டு கூடத்திலேயே நடந்தேன். அதற்குள் மனைவி வந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். வந்ததும் பையன் அவளிடம் போகாமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவள் முகம் எப்படி ஆனது என்பதை இங்கே எழுத வேண்டாம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதையும் வெளியே சொல்ல முடியவில்லை.

மே மாதம் விடுமுறையில் அவள் வந்தாள், நான் ஆபீஸ் போனேன். காமாலை குணமானது.

இதை என் வாயால் சொல்லி முடித்தபோது மகன் சிரித்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து போய்விட்டான். அந்தக் குழந்தை அவன்தான்.

அன்று முதல் நான் யோசித்துக்கொண்டிருப்பது இது: ஆண் வீட்டிலிருப்பது நம் ஊருக்குப் புதிதா என்ன? நம் வயதுக்காரர்களுக்குச் சொல்தா வீடுகள் நினைவிருக்கும். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து ஆண்டு சேவை முடித்து, நாற்பது வயதுக்குள் பென்ஷனோடு வந்து உட்கார்ந்தவர்கள். காலையில் பேப்பர், சாயங்காலம் பெத்தாங்க், இரவில் ஒரு கிளாஸ். பகலெல்லாம் திண்ணையில்தான். 'ஏன்யா வேலைக்குப் போகலே?' என்று அவர்களை யாராவது கேட்டிருப்போமா? எழுந்து நின்று மிசியே என்று வணக்கம் சொன்னோம். பிராங்க் வந்தது, கேள்வி வரவில்லை. ஆக, ஆண் வீட்டில் இருப்பது நமக்கு உறுத்தவில்லை. வேலை செய்யாமல் இருப்பதும் உறுத்தவில்லை. பெண் கொண்டுவரும் பணத்தில் இருப்பதும், இருந்துகொண்டு பாத்திரம் துலக்குவதும்தான் உறுத்துகிறது.

மொழியும் நம்மைக் கைவிடுகிறது. இல்லாள் என்றால் வீட்டுக்கு உரியவள். அதையே ஆண்பாலாக்கி இல்லான் என்று சொல்லிப் பாருங்கள், ஒன்றுமில்லாத ஏழை ஆகிவிடுகிறான். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அங்கே குடும்பத் தலைவியை 'ஃபாம் ஒ ஃபுவாயே' என்பார்கள். ஃபுவாயே என்றால் கணப்பு, அடுப்பு, அதிலிருந்து வீடு. இப்போது 'பேர் ஒ ஃபுவாயே' என்றும் சொல்கிறார்கள், அடுப்படியோடு இருக்கும் தகப்பன். பிரெஞ்சுக்காரன் ரொம்ப முன்னேறியவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 1965 வரை, மனைவி தனியாகத் தொழில் செய்வதைத் தடுக்க அங்கே கணவனுக்குச் சட்டத்தில் உரிமை இருந்தது. 'குடும்பத் தலைவன்' என்ற பட்டத்தைச் சட்டத்திலிருந்து எடுத்தது 1970-இல். இன்று அதே நாட்டில் குழந்தை பிறந்தால் தகப்பனுக்கு 28 நாள் விடுப்பு.

நம் விதிகளைப் பாருங்கள். நான் பணியில் இருந்தபோதே ஆண் ஊழியருக்கு 15 நாள் பேட்டர்னிட்டி லீவ் வந்துவிட்டது. 2008-இல் பெண் ஊழியருக்கு மொத்த சர்வீசில் 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு வந்தது. அந்தக் கோப்புகளை நானே பார்த்திருக்கிறேன். ஆணுக்கு அது கிடைத்தது 2018-இல். அதுவும் மனைவி இல்லாதவருக்கு மட்டும், அதாவது மணமாகாதவர், மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர். மனைவி உயிரோடு இருந்தால் பிள்ளை வளர்ப்பது அவள் வேலை என்று அரசாங்கமும் எங்கள் தெருவும் ஒரே கருத்தில் இருக்கின்றன.

மகனைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. புகழ ஏற்கெனவே ஆள் இருக்கிறது. பேத்திக்கு அவன் தலைவாரிப் பின்னல் போடுவதைப் பார்த்து, "எவ்வளவு தங்கமான புள்ள!" என்று பக்கத்து வீட்டம்மா கன்னத்தைத் தொட்டு நெட்டி முறிக்கிறார். முப்பது ஆண்டு பள்ளிக்கும் போய், வீட்டுக்கு வந்து உலையும் வைத்த என் மனைவிக்கு யாராவது நெட்டி முறித்தார்களா? நான் முறித்தேனா? இதை அவளே கேட்டாள். பதில் இல்லை.

எனக்கு இப்போதும் இருக்கிற கவலை வேறு. கணக்கு எழுதிப் பழகிய புத்தி. மகன் கையில் சொந்தமாகக் காசு வருவதில்லை. பி.எப். நின்றுபோயிற்று. நாளைக்கு ஒன்று என்றால்? மருமகளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்: அவன் பேரில் ஒரு பி.பி.எப். போடம்மா, உன் நாமினேஷன் படிவத்தை ஒருமுறை எடுத்துப் பார் என்று. அவள் தயங்காமல், "நானும் நினைச்சேன் மாமா" என்று அடுத்த மாதமே கணக்கு ஆரம்பித்தாள். அப்போதுதான் உறைத்தது. என் அம்மா பெயரில் ஒரு பாஸ்புக் இருந்ததில்லை. கடைசி வரை கோயில் உண்டியலுக்கும் என்னிடம்தான் கை நீட்டினார். அதைப் பார்த்து எனக்கு ஒரு நாளும் கவலை வந்ததில்லை. அந்த நிலைமை மகனுக்கு வந்ததும் தூக்கம் போய்விட்டது. வீட்டு வேலை செய்து குடும்பத்தைத் தாங்கிய மனைவிக்குக் கணவன் வாங்கிய சொத்தில் சமபங்கு உண்டு என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. படித்தபோது அம்மாவை நினைத்துக்கொண்டேன். வீட்டில் நிற்கிற ஆணுக்கும் அதே நியாயம்தான் என்பது என் கட்சி. நாளைக்கே எல்லா ஆண்களும் வேலையை விட வேண்டும் என்று சொல்லவில்லை. யார் நிற்பது என்பதைக் கணவனும் மனைவியும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும். நின்றவர் யாரானாலும் அவர் பெயரில் மாதம் ஒரு தொகை போகட்டும். படிவத்தில் உள்ளது உள்ளபடி எழுதட்டும்.

எழுதுவது சுலபம். போன வாரம் ஓய்வூதிய வேலையாக வங்கிக்குப் போனேன். என்னோடு பணியில் இருந்த பழைய நண்பர் ஒருவர் வரிசையில் நின்றிருந்தார். "பையன் எங்க இருக்கான், என்ன பண்றான்?" என்றார். வாயில் கன்சல்டன்ட் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "வீட்லதான் இருக்கான், கொழந்தையப் பாத்துக்கறான்" என்றேன்.

நண்பர் முகம் வாடிப் போயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன், ஒடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கான்" என்றேன்.