அமுக்கராக் கிழங்கு: பெயர் ஒன்று, சரக்கு இரண்டு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வடக்கே செல்வோர், மரக்காணத்தை அடையுமுன் கூனிமேட்டைக் கடந்து செல்கிறார்கள். ஒரு புறம் கடல். மறுபுறம் கழுவெளி நீர்ப்பரப்பு. வடக்கே போகப் போக உப்பளங்கள். கடலில் வலை இழுப்பதும், வெயிலில் நின்று பாத்தியிலிருந்து உப்பு வாருவதும் உடம்பை முறிக்கிற வேலைகள். பொழுது சாய்ந்து வீடு திரும்பும்போது இடுப்பும் தோளும் கெஞ்சும். இரவில் படுத்தால் தூக்கம் வராது. காலையில் எழுந்தால் அசதி தீராது.

இந்த அசதிக்கு வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் மருந்துகளில் ஒன்று அமுக்கராக் கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த வேராகவும் பொடியாகவும் கிடைப்பது. பாலில் கலந்து குடிப்பது. வடமொழியில் இதற்கு அசுவகந்தம் என்று பெயர். பச்சை வேரில் குதிரையின் வாடை அடிக்கும் என்பதால் வந்த பெயர் அது. தாவர நூலார் வைத்த லத்தீன் பெயரிலோ "தூக்கம் தருவது" என்ற பொருள் பொதிந்திருக்கிறது.

பழைய சரக்குத்தான். ஆனால் இன்று அது புதிய வேஷத்தில் வருகிறது. கைப்பேசியைத் திறந்தால் விளம்பரம். "மன அழுத்தம் தீரும், தூக்கம் வரும், புஜபலம் கூடும்" என்று வாக்குறுதி. பளபளக்கும் புட்டியில் அறுபது மாத்திரை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்குப் பெரிய சந்தை ஏற்பட்டுவிட்டது. அதே சமயத்தில், 2023 ஏப்ரலில் டென்மார்க் நாடு இந்த வேரை உணவுப் பொருள்களில் சேர்க்கக் கூடாதென்று தடை விதித்தது. பாட்டி பாலில் கலந்து கொடுத்த பொடியை ஒரு நாடு ஏன் தடுக்க வேண்டும்? வீண் பயமா, காரணம் உண்டா?

சூரணத்தின் கணக்கு

இதற்கு விடை காண, முதலில் சித்த வைத்தியர்கள் இதை எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். அமுக்கராச் சூரணம் என்பது வெறும் கிழங்கு அல்ல. அதன் கணக்கு விநோதமானது. கிராம்பு ஒரு பங்கு; சிறுநாகப்பூ இரண்டு; ஏலம் நான்கு; மிளகு எட்டு; திப்பிலி பதினாறு; சுக்கு முப்பத்திரண்டு; அமுக்கரா அறுபத்து நான்கு; சர்க்கரை நூற்றிருபத்தெட்டு. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் இரட்டிப்பு. மனப்பாடம் செய்ய எளிது. ஓலை தொலைந்தாலும் மருந்து தொலையாது!

கூட்டிப் பார்த்தால் மொத்தம் 255 பங்கு. அதில் அமுக்கரா கால் பங்குதான். அரைப் பங்கு சர்க்கரை. ஆகவே ஒரு கிராம் சூரணத்தில் இருப்பது கால் கிராம் கிழங்கு. அந்தக் கிழங்கையும் அப்படியே இடித்துப் போடுவதில்லை. பாலின் ஆவியில் பிட்டவியலாக அவித்து, உலர்த்தி, சுத்தி செய்த பிறகே சேர்ப்பார்கள். நோயாளியின் நாடியைப் பார்த்து, இத்தனை நாளென்று சொல்லிக் கொடுப்பார்கள்.

இந்தக் கணக்கில் நீரிழிவுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் ஒளிந்திருக்கிறது. "நாட்டு மருந்துதானே" என்று சூரணத்தைத் தாராளமாகச் சாப்பிடுகிறவர், பாதிக்குப் பாதி சர்க்கரை சாப்பிடுகிறார்.

இனிப் புட்டிக்கு வருவோம். அதில் இருப்பது பெரும்பாலும் பொடி அல்ல, சாறு. வேரிலுள்ள வித்தனோலைடு என்ற பொருள்களைப் பிரித்துச் செறிவாக்கி அடைத்திருக்கிறார்கள். காய்ந்த வேரில் இவை சாதாரணமாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. சந்தையிலுள்ள சாறுகளில் ஐந்து சதவீதம் என்றும், சிலவற்றில் அதற்கு மேலும் அச்சிட்டிருப்பதைக் காணலாம். ஆகவே ஒரு சிறிய மாத்திரை பல கிராம் வேருக்குச் சமமாகலாம். பாட்டி கொடுத்ததும் புட்டியில் வருவதும் பெயரளவில்தான் ஒன்று. கள்ளும் சாராயமும் ஒன்றென்று எவரும் சொல்வதில்லை அல்லவா?

சோதனையில் கண்ட நன்மை

சாற்றினால் நன்மையே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 2012-ல் இந்தியாவில் மன அழுத்தமுள்ள 64 பேரிடம் நடத்திய சோதனையில், நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வேர்ச்சாறு 60 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு மன அழுத்தம் குறைந்தது; ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற சுரப்பும் குறைந்தது. தூக்கத்தைப் பற்றிய ஐந்து சோதனைகளை, மொத்தம் 400 பேரை, 2021-ல் சேர்த்து ஆராய்ந்தபோது சிறிய அளவில் பயன் தெரிந்தது. சிறியது என்றாலும் உண்மையான பயன்.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை சிறு சோதனைகள்; இரண்டு மூன்று மாதங்களில் முடிந்தவை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் தொடர்ந்து சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அவை சொல்லவில்லை. கொரோனா பரவிய 2020-ல் மத்திய ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறையில் அசுவகந்தமும் இருந்தது. அதிலும் 15 நாள் அல்லது ஒரு மாதம் என்றுதான் கெடு வைத்திருந்தார்கள். விளம்பரக்காரர்கள் அமைச்சகத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள், கெடுவை விட்டுவிட்டார்கள்.

கல்லீரலும் தைராய்டும்

தீங்கைப் பற்றிய செய்திகள் இரண்டு திசைகளிலிருந்து வந்தன. முதலாவது கல்லீரல். ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அசுவகந்தம் சாப்பிட்டு மஞ்சள் காமாலை கண்ட ஐவரைப் பற்றி 2020-ல் டாக்டர்கள் எழுதினார்கள். மருந்தை நிறுத்தியபின் அவர்கள் குணமடைந்தார்கள். மேனாட்டார் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நம்மவர்கள் அதைத் தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் 2023-ல் கேரள மருத்துவர்களை உள்ளிட்ட இந்தியக் குழு ஒன்று நம் நாட்டு நோயாளிகளைப் பற்றியே அறிக்கை வெளியிட்டது. வேறெதுவும் கலக்காத அசுவகந்தம் மட்டும் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்கள் அதில் எட்டுப் பேர். ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தவர்களின் கதிதான் மோசம். அவர்களில் மூவர் இறந்துபோனார்கள்.

லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடும் சரக்கில் இது அபூர்வமான விளைவுதான். அபூர்வம் என்பதற்காக அலட்சியம் செய்யலாகாது. மது அருந்திக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவர், தனக்கு நோய் இருப்பதையே அறியாதவராக இருப்பார். உடம்பு தளர்ந்துவிட்டதே என்று இந்தப் புட்டியை முதலில் தேடுகிறவரும் அவராகவே இருக்கக்கூடும்.

இரண்டாவது தைராய்டு. இச்சுரப்பி சற்று மந்தமான 50 பேரிடம் 2018-ல் நடந்த சோதனையில், எட்டு வாரம் வேர்ச்சாறு சாப்பிட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பு கூடியது. மந்தமானவர்களுக்கு இது நல்ல செய்தி போல் தோன்றும். ஆனால் சுரப்பு ஏற்கெனவே அதிகமுள்ளவருக்கும், அதற்காக மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் இது ஆபத்து. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2020-ல் தந்த அறிக்கையும் தைராய்டு, பாலினச் சுரப்புகள், கருச்சிதைவு ஆகியவற்றைக் காரணமாகக் காட்டியது. அதை வைத்தே அந்நாடு தடை விதித்தது. நம் ஆயுஷ் அமைச்சகம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பழைய நூல்களின் அனுபவத்தையும் வேரின் சோதனைகளையும் டென்மார்க்கார் சரியாக எடைபோடவில்லை என்பது இந்தியத் தரப்பின் குறை. அதில் நியாயம் இருக்கிறது. எனினும் கர்ப்பிணிகள் இதைத் தொடக்கூடாது என்பதில் சந்தேகத்துக்கு இடம் வைக்காமலிருப்பதே நல்லது.

நீரிழிவு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். இந்த வேருக்கும் சர்க்கரையைக் குறைக்கும், அழுத்தத்தைத் தணிக்கும், மயக்கம் தரும் குணங்கள் ஓரளவு உண்டு. இரண்டும் சேர்ந்தால் கணக்கு மீறிவிடும்.

இலை புகுந்த கதை

ஆயுஷ் அமைச்சகமே கவலைப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. வேரை எடுத்தபின் செடியின் இலை கழிவு. அமுக்கரா மிகுதியாகப் பயிராகும் மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர், நீமச் பகுதிகளில் பணம் தருவது வேர்தான். ஆனால் இலையிலும் வித்தனோலைடு உண்டு; குறிப்பாக, உயிரணுக்களைக் கொல்லும் வித்தாஃபெரின் ஏ என்ற பொருள் வேரைவிட இலையில் அதிகம். மலிவான இலையைச் சாறாக்கி வேர்ச்சாற்றில் கலந்தால், சோதனைச்சாலையில் சதவீதம் சரியாகவே வரும். லாபமும் வரும். 2021-ல் ஆயுஷ் அமைச்சகம், வேருக்குப் பதில் இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று மருந்து தயாரிப்போருக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. ஆகவே வாங்குகிறவர் "வேர்" என்று மேலுறையில் தெளிவாக அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

மேலுறையில் இன்னொரு எழுத்தும் உண்டு. ஒரே அசுவகந்தம் இரண்டு சட்டங்களின் கீழ் விற்பனையாகிறது. சித்த, ஆயுர்வேத மருந்தாக விற்றால் 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஊட்டச்சத்தாக விற்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணும், "மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல" என்ற வாசகமும் இருக்க வேண்டும். முன்புறம் பெரிய எழுத்தில் நோயெல்லாம் தீரும் என்ற தோரணை. பின்புறம் பொடி எழுத்தில் இது மருந்து அல்ல என்ற ஒப்புதல்! படிக்காதவர்களுக்கு முன்புறம், வழக்கு வந்தால் பின்புறம்.

அசதிக்குக் காரணம் எது?

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, உப்பளத் தொழிலாளியின் அசதி அமுக்கராவினால் தீரக்கூடிய அசதிதானா என்பது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் சுமார் 350 தொழிலாளர்களைப் பரிசோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் வேலை செய்த வெப்பம், அனுமதிக்கத்தக்க வரம்பைத் தாண்டியிருந்தது. நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் சக்தி குறைந்திருந்தது. வெயிலில் வியர்வை கொட்டுகிறது. குடிக்கத் தண்ணீர் போதாது. ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். இப்படி வருகிற தளர்ச்சிக்கு எந்த வேரும் ஈடாகாது. தண்ணீரும் நிழலும் கழிப்பிடமும்தான் மருந்து.

வேர்ச்சாறு இங்கே செய்யக்கூடிய பெரிய தீங்கு விஷமாவது அல்ல, மூடி மறைப்பது. இரவில் கொஞ்சம் தூக்கம் வரும். வலி சற்று மறக்கும். ஆறு மாதம் கழித்துக் கால் வீங்கும்போதுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். இரத்தசோகை, நீரிழிவு, தைராய்டு, காசநோய் ஆகிய எல்லாமே முதலில் "அசதி" என்றுதான் பேசும்.

பணக்கணக்கும் சிறியதல்ல. மழைக்காலத்தில் உப்பளம் மூடியிருக்கும் நாட்களுக்காக மாநில அரசு 2022-ல் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. வேலையில்லாத மாதங்களை அதைக் கொண்டு ஓட்டுகிற வீட்டில், மாதம் ஒரு புட்டி என்பது அரிசியில் கை வைப்பதாகும். சித்த மருத்துவப் பிரிவுள்ள அரசு மருத்துவமனைகளில் அமுக்கராச் சூரணம் இலவசமாகவே கிடைக்கக்கூடியது; அங்கே கொடுப்பவர் பட்டம் பெற்ற வைத்தியர். ரத்தப் பரிசோதனையும் அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளலாம்.

ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறவர்கள் பதறவேண்டியதில்லை. சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்தாலும், கண் மஞ்சளித்தாலும், உடம்பில் தீராத அரிப்பு கண்டாலும், நெஞ்சு படபடத்தாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகவேண்டும். போகும்போது புட்டியையும் எடுத்துச் செல்லவேண்டும். "ஏதோ நாட்டு மருந்து" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. சித்த, ஆயுர்வேத மருந்துகளின் தீய விளைவுகளைப் பதிவு செய்ய 2018 முதல் நாடு தழுவிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதன் தேசிய மையம் டில்லியிலுள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம். அங்கே புகார் அனுப்ப வைத்தியராக இருக்கவேண்டும் என்பதில்லை. மருந்து சாப்பிட்டவரே எழுதலாம். புட்டியின் மேலுள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணும், எத்தனை நாள் சாப்பிட்டார் என்ற விவரமும் அதற்குத் தேவை.