பெரியப்பாவிடம் சாவியை யார் கேட்பது?



தெருவில் ஒரு பெரியவர் காரை வெளியே எடுக்கும் சத்தம் கேட்டால், வாசலில் விளையாடும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கொள்கிறோம். அவர் ரிவர்ஸ் எடுத்து முடிக்கும் வரை கோலப்பொடிக் கிண்ணத்தோடு திண்ணையில் ஏறி நிற்கிறோம். அடுத்த வீட்டுக் கேட்டில் உரசல், மின் கம்பத்தில் ஒரு தட்டு, எல்லாம் நம் கண்ணில்தான் படுகிறது. ஆனால் அவரிடமோ, அவர் வீட்டாரிடமோ ஒரு வார்த்தை சொல்வதில்லை. "வயசான மனுஷன் மனசை நோகடிக்கலாமா", "நமக்கேன் வம்பு" என்று விட்டுவிடுகிறோம். வத்தலக்குண்டில் மட்டுமில்லை, எந்த ஊரிலும் இதே கதைதான். சொல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

பெரிய இடத்திலும் இதே தயக்கம் இருந்திருக்கிறது. இங்கிலாந்து ராணியின் கணவர் பிலிப், 2019 ஜனவரி 17-ல் தானே கார் ஓட்டிப் போய் இன்னொரு காரில் மோதினார். அப்போது அவருக்கு வயது 97. அந்தக் காரில் இரண்டு பெண்களும் 9 மாதக் கைக்குழந்தையும் இருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு உடைந்தது. குழந்தை பிழைத்தது தெய்வாதீனம். எதிர்வெயில் கண்ணைக் கூசியது என்றார். மூன்று வாரம் கழித்து லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். அரண்மனையிலும் முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது!

அதே வருடம் ஏப்ரல் 19-ல் டோக்கியோவில் நடந்தது இன்னும் கொடுமை. 87 வயதுப் பெரியவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார். சைக்கிளில் போன 31 வயதுத் தாயும் 3 வயது மகளும் அங்கேயே போய்விட்டார்கள். 2021-ல் அவருக்கு 5 வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். தொண்ணூறு வயதில் ஜெயில்! விபத்து நடந்த அந்த ஒரே வருடத்தில் ஜப்பானில் சுமார் 6 லட்சம் பேர் தாங்களாகவே லைசென்ஸை ஒப்படைத்தார்கள். அப்படிக் கொடுப்பவர்களுக்குப் பல ஊர்களில் பஸ்ஸிலும் டாக்ஸியிலும் கட்டணச் சலுகை உண்டு. அந்தச் சலுகையைக் கவனியுங்கள், பிறகு வருகிறேன்.

நம் நாட்டில் என்ன நிலை? 55 வயதைத் தாண்டியவர்கள் 5 வருடத்துக்கு ஒரு தடவை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். இத்தனை வயதுக்கு மேல் ஓட்டக்கூடாது என்று மேல்வரம்பு கிடையாது. வைக்கவும் வேண்டாம், எண்பதிலும் கண் தெளிவாக, நிதானமாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், இருபதில் தலைதெறிக்க ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 75 வயதில் இருந்த கண் 80 வயதில் அப்படியே இருக்குமா? இங்கிலாந்தில் 70 வயதுக்குப் பிறகு 3 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நாம் 5 வருடம் சும்மா விட்டுவிடுகிறோம். டாக்டர் சர்டிபிகேட்டும் எல்லா இடத்திலும் நிஜமாகவே கண்ணைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறதா என்பதை நீங்களே சொல்லுங்கள். ஆக, நடுவில் இருக்கும் அந்த 5 வருடத்துக்கு அக்கம்பக்கத்தார் கண்தான் காவல்.

லைசென்ஸ் விண்ணப்பத்தோடு நிரப்பும் படிவத்தில் நல்ல கேள்விகள் இருக்கின்றன. 25 மீட்டர், அதாவது சுமார் 80 அடி தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் பகல் வெளிச்சத்தில், கண்ணாடி போட்டாவது, படிக்க முடிகிறதா? சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா? மாலைக்கண் உண்டா? ஹாரன் காதில் விழுகிறதா? திடீரென்று மயக்கம் வருவதுண்டா? இதற்கு ஆபீஸ் வேண்டாம், வாசலில் நின்றே பேரப்பிள்ளைகள் விளையாட்டுப் போலச் சோதித்துவிடலாம். கண்ணில் புரை இருந்தால் எதிரே வரும் லைட் வெளிச்சம் சிதறி ஒன்றுமே தெரியாது. கண் அழுத்த நோய் இன்னும் மோசம். பக்கவாட்டுப் பார்வை சத்தமில்லாமல் குறையும், ஓட்டுகிறவருக்கே தெரியாது. சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் வேளைக்குச் சாப்பிடாமல் வண்டி எடுத்தால் தலை சுற்றலாம்.

நம்மூர் ரோடு வேறு சாமானியமா? திண்டுக்கல்லிலிருந்து தேனி, குமுளி போகும் வண்டிகள், கொடைக்கானல் போகும் டூரிஸ்ட் வண்டிகள் எல்லாம் இந்தப் பக்கம்தான். காட்ரோடு தாண்டினால் மலை. டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று வளைவுக்கு மேல் வளைவு, சில நாள் பனிமூட்டம். கொடைக்கானலுக்கு 2024 மே 7-ல் வந்த இ-பாஸில் வண்டி நம்பர் கேட்கிறார்கள், எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். ஓட்டுகிறவருக்குக் கண் தெரிகிறதா என்று கேட்பாரில்லை.

சரி, யார் சொல்வது? ஆண்கள் சொன்னால் அது சண்டையில் முடிகிறது. "நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே நான் ஸ்டியரிங் பிடிச்சவன்" என்பார். நாம் அந்த வீட்டுப் பெண்களிடம் சொல்லலாம். நாலு பேர் முன்னால் வேண்டாம். "பெரியம்மா, பெரியப்பாவுக்குக் கண்ணு காட்டி எவ்வளவு நாளாச்சு? நேத்து எங்க சின்னவன் நின்னது அவருக்குத் தெரியலை போல" என்று ஆரம்பித்தால் போதும். வயசைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். தேனியில் 1985-லிருந்து அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. பலருக்குப் புரை எடுத்தாலே பிரச்னை பாதி தீர்ந்துவிடும், சாவியைப் பிடுங்கவே வேண்டியிருக்காது.

பகலில் மட்டும், ஊருக்குள் மட்டும், மலைக்குப் போனால் டிரைவர் வைத்துக்கொள்வது என்று படிப்படியாகவும் குறைக்கலாம். ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் மருந்துக் கடைக்கும் கோவிலுக்கும் அவர் எப்படிப் போவார்? ஒவ்வொன்றுக்கும் மகனைக் கெஞ்ச வேண்டும். அந்தக் கௌரவக் குறைச்சலுக்குப் பயந்துதான் பலர் சாவியை விடுவதில்லை. நமக்கு 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. சென்னை மாநகரப் பஸ்ஸில் 60 வயது கடந்தவர்களுக்கு இலவச டோக்கன் உண்டு. லைசென்ஸை ஒப்படைக்கும் வெளியூர்ப் பெரியவர்களுக்கும் ஜப்பான் மாதிரி அப்படி ஒரு சலுகை கொடுத்தால் அரசாங்கம் குறைந்தா போய்விடும்?

இன்னொன்றையும் வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். காலாவதியான லைசென்ஸோடு ஓட்டி யாருக்காவது அடிபட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலிக்க 2004-லேயே சுப்ரீம் கோர்ட் வழி சொல்லியிருக்கிறது. வீடு, நிலம் என்று சேர்த்து வைத்தது அதில் போகலாம்.

இத்தனை சொல்லியும் வீட்டார் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் 16-வது பிரிவு இருக்கிறது. நோயாலோ உடல் குறையாலோ ஒருவர் ஓட்டத் தகுதியில்லை என்று நம்பக் காரணம் இருந்தால், லைசென்ஸ் அதிகாரி மறுபடி மருத்துவச் சான்று கேட்கலாம், லைசென்ஸை ரத்தும் செய்யலாம். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தேதி, இடம், நடந்தது என்ன என்று எழுதி, தெருவில் நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மொட்டைக் கடிதம் மட்டும் போடாதீர்கள்.

- ஒரு வாசகி, வத்தலக்குண்டு.