மாப்பிள்ளையின் பட்டியலுக்கு ஓர் ஆட்சேபணைக் குறிப்பு

மொன்றியலில் மகள் வீட்டில் இருக்கிறேன். வெளியே பனி. புதுச்சேரிக் கதை கேட்க வந்த நண்பர்கள் இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐஸ் ஹாக்கி பற்றி எழுதப் போகிறேன், அதுவும் கொஞ்சம் கோபத்தோடு.

கோபத்துக்குக் காரணம் மாப்பிள்ளையின் கைபேசியில் இருக்கும் ஒரு பட்டியல். தேசிய ஹாக்கி லீக்கில் அதிக கோல் போட்டவர்களின் வரிசை அது. 2025 ஏப்ரல் 6 அன்று ரஷ்யரான ஒவெச்கின் 895ஆவது கோல் போட்டு, கிரெட்ஸ்கியின் 894ஐத் தாண்டினார். அன்று முதல் இந்த வீட்டில் அந்தப் பட்டியல்தான் வேதம். இந்த ஊர்க்காரரான மொரீஸ் ரிஷார் 544 கோல்களோடு எங்கோ கீழே கிடக்கிறார். (ரிச்சர்ட் என்று எழுதாதீர்கள். அவர் பிரெஞ்சுக்காரர் வீட்டுப் பிள்ளை. நானும் பிரெஞ்சில் படித்தவன், காது கூசுகிறது.)

"மாமா, கணக்கு பொய் சொல்லுமா? 544 எங்க, 894 எங்க? அந்தக் காலத்து ஆளை இன்னிக்கு எந்த டீம்லயும் சேர்க்க மாட்டாங்க" என்றார் மாப்பிள்ளை. நல்ல மனுஷர், படித்தவர். ஆனால் 36 வருஷம் கோப்பு பார்த்தவனிடம் கணக்கைப் பற்றிப் பேசிவிட்டார்.

நான் 1974இல் எல்.டி.சி.யாகச் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் 260 ரூபாய். இன்று அதே நாற்காலியில் உட்காரும் பிள்ளைக்குத் தொடக்கம் 19,900. வகுத்துப் பாருங்கள், 76 மடங்கு வருகிறது. அந்தப் பிள்ளை என்னைவிட 76 மடங்கு கெட்டிக்காரர் என்று எந்த மூடனும் சொல்ல மாட்டான். விலைவாசி, பஞ்சப்படி, சம்பளக் கமிஷன் எல்லாவற்றையும் கழித்துத்தான் பேசுவான். ரூபாய்க்குச் செய்கிற இந்த மரியாதையைக் கோலுக்குச் செய்யக் கூடாதா?

கழித்துப் பார்ப்போம். ரிஷார் 1942 முதல் 1960 வரை ஆடியது 978 ஆட்டங்கள். அவர் தொடங்கியபோது ஒரு சீசனுக்கு 50 ஆட்டம்தான், 2024–25இல் 82. கிரெட்ஸ்கி ஆடியது 1,487. நூறு ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்று பார்த்தால் ரிஷாருக்குக் கிட்டத்தட்ட 56, கிரெட்ஸ்கிக்கு 60. மலைபோலத் தெரிந்த 350 கோல் வித்தியாசம் எங்கே போயிற்று பார்த்தீர்களா? அது மட்டுமல்ல. கிரெட்ஸ்கி கொடிகட்டிப் பறந்த 1981–82இல் ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சராசரி 8 கோல் போட்டன. 1950களில் அது 5ஐ ஒட்டித்தான் இருந்தது. கோல் மலிந்த காலத்தில் 60, கோல் பஞ்சகாலத்தில் 56. எது பெரிது?

மாப்பிள்ளை லேசில் விடுகிறவர் அல்ல. "1944–45இல் 50 ஆட்டத்தில் 50 கோல் போட்டாரே, அப்ப நல்ல ஆட்டக்காரர்களெல்லாம் யுத்தத்துக்குப் போயிருந்தாங்க மாமா" என்றார். நியாயமான கேள்வி. அந்த வருஷம் கோல் எண்ணிக்கையில் அடுத்தவருக்கு 32தான். யுத்தகாலம் என்று தள்ளுபடி செய்யுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படைக்குப் போனவர்கள் திரும்பி வந்த பிறகு 1946–47இல் 60 ஆட்டத்தில் 45 கோல் போட்டாரே, அப்போதும் அடுத்த இடத்தில் இருந்தவர்களுக்கு 30தானே? அதற்கு எந்தத் தள்ளுபடி?

என் கணக்கு மாப்பிள்ளை பக்கமும் வெட்டும் என்பதை மறைக்க மாட்டேன். சமகாலத்தவரை எவ்வளவு தூரம் பின்னால் விட்டார் என்பதுதான் என் அளவுகோல். அதை வைத்தால் கிரெட்ஸ்கி பிசாசு மாதிரி எழுந்து நிற்கிறார். 1981–82இல் கோலும் உதவியும் சேர்த்து அவருக்கு 212 புள்ளி, இரண்டாமவருக்கு 147. அவர் அடுத்தவர் கோல் போட உதவியது மட்டுமே 1,963 முறை. வேறு எவருடைய மொத்தப் புள்ளியும் அதை எட்டவில்லை. அவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. 894 என்ற ஒற்றை எண்ணைக் காட்டி வாயை மூடச் சொல்வதைத்தான் சொல்கிறேன். ஒவெச்கின் அந்த 895ஐப் போட்டதும் தன் 1,487ஆவது ஆட்டத்தில்தான்! அதே எண்ணிக்கை. அவர் காலத்தில் கோல்கீப்பர்கள் முன்னைவிடப் பெரியவர்கள், கவசமும் பயிற்சியும் கூடியவர்கள். அப்படியானால் கோல் போடுவதில் கிரெட்ஸ்கியை விட ஒவெச்கின் ஒரு படி மேல் என்பதே என் தீர்ப்பு. மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "அந்தக் காலம் போல வருமா, அப்போது முகமூடிகூடக் கிடையாது" என்கிற பெருமை வேண்டாம். 1959 நவம்பரில் பந்து முகத்தில் பட்டுக் கிழிந்த பிறகு (பந்து என்கிறேன், ரப்பர் வில்லை) ஜாக் பிளாந்த் முகமூடியோடு களத்துக்குத் திரும்பினார். அடிபட்டது வீரமென்றால் முகமூடி போட்டது புத்தி. ரிஷார் காலத்தில் லீக்கில் ஆறே அணிகள். கறுப்பினத்தவர் ஒருவர், வில்லி ஓ'ரீ, முதன்முதலாக உள்ளே வந்தது 1958இல். சோவியத் ஆட்டக்காரர்களுக்கு வழியே இல்லை. திரெத்தியாக் போன்ற கோல்கீப்பர் கடைசிவரை அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. எந்தப் பட்டியல் போட்டாலும் அவர் பெயர் இருக்காது. வராதவனுக்கு வருகைப்பதிவில் எப்படிக் கையெழுத்து இருக்கும்?

இதில் எனக்கென்ன இவ்வளவு சூடு என்று மகள் கேட்டாள். சொல்கிறேன்.

நான் முடித்தது பக். ஹாக்கி வில்லை அல்ல, பக்கலோரேயா. பிரெஞ்சுப் பள்ளியில் மதிப்பெண் 20க்குத்தான். 14 வாங்கினால் 'நன்று' என்று சான்றிதழிலேயே எழுதுவார்கள், வீட்டில் பாயசம் வைப்பார்கள். 16க்கு மேல் கண்டவர் அபூர்வம். வேலைக்குச் சேரும்போது ஓர் அலுவலகத்தில் அந்த 14ஐ ஐந்தால் பெருக்கி 70 என்று எழுதினார்கள். 72, 75 என்று வேறு பாடத்திட்டத்தில் வாங்கி வந்தவர்கள் எனக்கு மேலே போனார்கள். அவர்கள் மேல் குறையில்லை, சிலர் பிற்பாடு நல்ல நண்பர்கள். ஆனால் அந்தப் பெருக்கலில் கிடைத்த வரிசை எண் பதவி உயர்வு தோறும் என்கூடவே வந்தது. ஆட்சேபணை எழுதிக் கொடுத்தேன். "கணக்கு சரியாகத்தான் இருக்கிறது" என்று பதில் வந்தது. கணக்கு சரிதான்.

ரிஷார் கதைக்கு வருகிறேன். 1955 மார்ச்சில் பாஸ்டனில் ஒரு கைகலப்பில் நடுவர் ஒருவரை அடித்துவிட்டார். தப்புதான். லீக் தலைவர் கேம்பெல் சீசனில் மிச்சமிருந்த மூன்று ஆட்டங்களோடு கோப்பை ஆட்டங்கள் முழுவதற்கும் தடை போட்டார். முதலாளி ஆங்கிலம், தொழிலாளி பிரெஞ்சு என்றிருந்த ஊர் இது. மார்ச் 17 அன்று கேம்பெல் ஆட்டம் பார்க்க வந்து உட்கார்ந்ததும் அரங்கில் கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது, கலவரம் செயின்ட் கேத்தரின் தெருவெங்கும் பரவியது. மறுநாள் ரிஷாரே வானொலியில் பேசி ஜனங்களை அமைதிப்படுத்தினார். அந்த வருஷப் புள்ளிப் பட்டியலில் அவருக்கு 74. அவர் அணியைச் சேர்ந்த ஜோஃப்ரியோனுக்கு 75. ஒரு புள்ளியில் போயிற்று. புள்ளிக்கான முதலிடம் வாழ்நாள் முழுக்க அவருக்குக் கிடைக்கவேயில்லை. பட்டியலில் 'இரண்டாம் இடம்' என்றுதான் இருக்கும், அந்த மூன்று ஆட்டம் எந்தக் கட்டத்திலும் இருக்காது.

இத்தனையும் கேட்டுவிட்டு மாப்பிள்ளை, "சரி மாமா, அப்ப உங்க பட்டியல்ல ரிஷார்தான் முதல்ல?" என்றார்.

"இல்லை, பாபி ஓர்" என்றேன். தடுப்பாட்டக்காரராக இருந்துகொண்டே லீக்கின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர், அதுவும் இரண்டு முறை. அவருக்கு முன்னும் பின்னும் எந்தத் தடுப்பாட்டக்காரரும் செய்யாதது. முழங்கால் போய் 657 ஆட்டத்தோடு முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் கோல் பட்டியலில் அவரைத் தேட, கைபேசியை ரொம்ப நேரம் தள்ளிக்கொண்டே போகவேண்டும். தள்ளிக்கொண்டிருக்கிறார். நான் காப்பி குடிக்கப் போகிறேன்.