பயிற்சியாளர் மாறினார், பையன்கள் என்ன ஆனார்கள்?

2018 சனவரியில் ஒரு திங்கட்கிழமை. நான் வேலை பார்த்த சலவை அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் பதினோரு எண்கள். பெயர் ஒன்றும் கிடையாது. 'இந்தப் பைகளை எடுத்துவிடவும்' என்று கீழே ஒரு வரி.

அமெரிக்காவில், ஓஹியோ மாநிலத்தில், ஒரு சின்னக் கல்லூரியில் இரண்டு வருசம் படித்தேன். அயல்நாட்டு மாணவன் கல்லூரி வளாகத்துக்குள்தான் வேலை பார்க்கலாம், அதுவும் வகுப்பு நடக்கிற காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது. எனக்கு அமைந்தது விளையாட்டுத் துறைக்குத் துணி துவைக்கிற வேலை. ஆண்கள் கால்பந்து அணியில் நாற்பது பேருக்குக் கொஞ்சம் குறைவு. ஆளுக்கொரு வலைப்பை, அதில் ஒரு எண். வியர்வையும் சேறுமாகப் பையோடு வரும், பையோடு மிஷினில் போட்டு, பையோடு எடுத்து, எண் வரிசைப்படி கம்பியில் மாட்டணும். பை தொங்குகிறவரை அவன் அணியில் இருக்கிறான் என்று அர்த்தம்.

அந்தப் பதினொன்றில் 30ஆம் எண் என் அறைத்தோழனுடையது. டிரினிடாட்காரன், இரண்டாவது கோல்கீப்பர். அவனிடம் யாரும் சொல்லவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன். "துணி துவைக்கிற உனக்குத் தெரியுது, எனக்குத் தெரியலையா?" என்று சிரித்தான். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

நடந்தது இதுதான். டிசம்பரில் பழைய கோச் கூடுதல் சம்பளத்தில் ஒரு பெரிய கல்லூரிக்குப் போய்விட்டார். நாலே வாரத்தில் புதியவர் வந்தார். வந்தவர் தன் ஆட்களோடு வந்தார். எந்தக் கல்லூரியிலும் நடப்பதுதான், இதிலென்ன இருக்கு என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சின்னக் கல்லூரிக் கால்பந்து எப்படி இயங்குகிறது என்பதைப் பார்த்துவிடலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆள்கிற என்.சி.ஏ.ஏ. அமைப்பு கல்லூரிகளை மூன்று பிரிவாகப் பிரித்திருக்கிறது. மூன்றாம் பிரிவில் மட்டும் ஆண்கள் கால்பந்து அணி வைத்திருக்கும் கல்லூரிகள் நானூறுக்கும் மேல். இந்தப் பிரிவில் விளையாட்டுக்காக ஒரு காசு உதவித்தொகை தரக்கூடாது என்பது விதி. 'பணத்துக்காக அல்ல, ஆட்டத்தின் மீதான காதலுக்காக' என்று இதைப் பெருமையாகப் பேசுவார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்தக் கல்லூரிகளில் பல, மாணவர் கட்டும் கட்டணத்தை நம்பி மூச்சுவிடுகிறவை. பையன் ஒருவன் கூடுதலாகச் சேர்ந்தால் அது வரவு. களத்தில் நிற்பது பதினோரு பேர், அணியில் முப்பத்தெட்டு பேர் எதற்கு? மீதி இருபத்தேழு பேரும் கட்டணம் கட்டுகிறார்கள், அதற்கு. இத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டு வரணும் என்று கோச்சுக்கே கணக்கு கொடுத்துவிடுகிற நிர்வாகங்கள் உண்டு. கோச் என்ற பெயரில் அவர் பாதி ஆள் பிடிக்கிற அதிகாரி.

ஆள் பிடிக்கப் போகிறவர் வெறுங்கையோடு போக முடியுமா? உதவித்தொகை என்று எழுதித்தர விதி இல்லை. வாய்வார்த்தை ஒன்றுதான் உண்டு. 'உன் மகனை என் மகன் மாதிரி பார்த்துக்கிறேன், இரண்டாம் வருசம் அவன்தான் எனக்கு கோல்கீப்பர்' என்று என் நண்பனின் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னவர் பழைய கோச். அந்தப் பேச்சை நம்பித்தான் அந்தக் குடும்பம் கடன் வாங்கியது. அவர் போனபோது பேச்சும் அவரோடு போய்விட்டது. கல்லூரியிடம் கேட்டால், அது கல்லூரி கொடுத்த வாக்கு இல்லை என்பார்கள். உண்மைதான், எங்கேயும் எழுதி வைக்கவில்லையே.

காலண்டரைப் பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் ஆட்டம் தொடங்கி நவம்பரில் முடிகிறது, தேசிய இறுதி ஆட்டம் டிசம்பர் தொடக்கத்தில். கோச்சுகள் மாறுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். வேறு கல்லூரி தேடி எழுத வேண்டிய பையனுக்குக் கையில் இருப்பது ஓரிரு மாதம். அயல்நாட்டுப் பையன் என்றால் விசாத்தாளையும் சேர்த்து மாற்றணும். கோச்சுக்கு ஒரு கையெழுத்தில் முடிகிற மாற்றம் பையனுக்கு வருசக்கணக்கில் இழுக்கிறது.

'உதவித்தொகையையா பிடுங்கினார்கள்? படிப்பைப் படிக்கலாமே' என்று அங்கே ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். நல்ல மனிதர், அக்கறையோடுதான் கேட்டார். படிக்கலாம்தான். ஆனால் ஒருவனை ஆட்டக்காரனாகக் கூப்பிட்டு வந்து, வந்தபின் நீ வெறும் மாணவன் என்று சொல்ல இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அவனைக் கூப்பிட்டபோது நூலகத்தைக் காட்டியா கூப்பிட்டார்கள்?

சரி, கோச் மாறவே கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்லவில்லை. ஓஹியோ வெஸ்லியன் கல்லூரியில் ஜே மார்ட்டின் 1977இல் பொறுப்பேற்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதே நாற்காலி, 700க்கும் மேற்பட்ட வெற்றிகள், 1998லும் 2011லும் தேசியப் பட்டம். பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒருவர் நாற்பது ஆண்டு உட்கார்ந்தால் அந்த இடத்துக்கு வேறு எவரும் வர முடியாது என்பதும் அதே சாதனைக்குள் இருக்கிறது.

பென்சில்வேனியாவில் மெசையா என்று ஒரு கிறித்துவக் கல்லூரி (2020 முதல் பல்கலைக்கழகம்). டேவ் பிராண்ட் அங்கே 2000க்கும் 2008க்கும் இடையில் ஆறு முறை பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, கடற்படை அகாதெமிக்குப் போனார். அவரிடம் உதவியாளராக இருந்த பிராட் மெக்கார்ட்டி பொறுப்பேற்றார். அதே 2009இல் பட்டம், அடுத்த வருசமும் பட்டம், பிறகு 2012, 2013, 2017. கோச் மாறியும் பையன்கள் கலையவில்லை, ஆட்டமுறை கலையவில்லை. எப்படி மாற்றணும் என்பதற்கு இதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். சலவை அறையில் அந்தத் தாளைப் பார்த்த பிறகு நானும் இதைத்தான் நினைத்தேன். உள்ளேயே ஆளைத் தயார் பண்ணி வைத்திருந்தால் இந்தப் பதினோரு பைகளும் கழன்றிருக்காது.

ஆனால் தோழர்களே, அங்கேதான் இடிக்கிறது. உள்ளே யார் இருக்கிறார்கள்? உதவிக் கோச் வேலைக்குச் சின்னக் கல்லூரிகள் கொடுப்பது பல இடங்களில் பாக்கெட் மணிதான். அதற்கு மேல் பயிற்சியாளர் உரிமம் வாங்கணும், மேல்நிலை உரிமம் என்றால் ஆயிரக்கணக்கான டாலர் செலவு. சம்பளமே இல்லாத மாதிரி நாலைந்து வருசம் ஓட்ட எந்த வீட்டுப் பிள்ளையால் முடியும்? அப்பன் வீட்டில் வசதி இருக்கிற பிள்ளையால் முடியும். அவனுக்கு அனுபவம் வருகிறது, அனுபவத்தால் வேலை வருகிறது, பிறகு அதற்குத் தகுதி என்று பெயர் வைக்கிறார்கள். வாசலில் ஒருவனையும் தடுக்க வேண்டியதே இல்லை, வடிகட்டல் வாசலுக்கு வருமுன்னே முடிந்துவிடுகிறது. வாரிசு முறை ஒழுங்காக இருக்கிறது என்பதற்காக அதை நியாயம் என்று நாம் சொல்லிவிட முடியுமா? நம் வாசகர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

என் நண்பனின் சுவரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டியிருக்கும். அதிலிருந்தவர் லிங்கன் பிலிப்ஸ். டிரினிடாடின் கோல்கீப்பர். வாஷிங்டன் டார்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருந்தவர். 1970இல் வாஷிங்டனில் உள்ள கறுப்பினத்தவரின் ஹாவர்டு பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாக வந்தார். ஹாவர்டை மூன்றாம் பிரிவுச் சின்னக் கல்லூரிகளோடு சேர்க்க முடியாது, முதல் பிரிவுதான். ஆனால் கால்பந்தில் பணமும் ஆளும் வைத்திருந்த வெள்ளைப் பல்கலைக்கழகங்களின் முன்னால் அது சின்ன இடம். ஒரு கோச் மாற்றம் என்ன செய்ய முடியும் என்பதற்கு நான் அறிந்த பெரிய சான்று இது. கரிபியனிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த மாணவர்களை வைத்து, 1971 டிசம்பரில் மயாமியில், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் பட்டம் வென்ற செயின்ட் லூயிஸ் அணியை 3-2 என்று வீழ்த்தினார். முதல் பிரிவில் ஒரு கறுப்பினக் கல்லூரி வென்ற முதல் தேசியப் பட்டம் அது.

விட்டார்களா? விசாரணை வைத்தார்கள். ஆட்டக்காரர்களுக்குத் தகுதி இல்லை என்று சொல்லிப் பட்டத்தைப் பிடுங்கினார்கள். அந்த விதிகளில் ஒன்றைக் கேளுங்கள். அயல்நாட்டு மாணவன் 19 வயதுக்குப் பிறகு தன் நாட்டில் ஆடிய ஒவ்வொரு ஆண்டும், அவன் அமெரிக்கக் கல்லூரியில் ஆடக்கூடிய ஆண்டுக் கணக்கில் கழிக்கப்படும். அமெரிக்கனுக்கு இந்தக் கழிவு கிடையாது. ஹாவர்டு நீதிமன்றம் போனது. அந்த விதி அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது, 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பட்டம் மட்டும் திரும்பவில்லை, மற்ற விதிகளைக் காட்டி வைத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ஹாவர்டு நிர்வாகம் கோச்சைக் கைகழுவியிருக்கலாம். இன்று எத்தனை நிர்வாகம் அதைச் செய்கிறது! பிலிப்ஸ் 1980 வரை இருந்தார். 1974இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் இறுதிக்கு வந்து, செயின்ட் லூயிஸ் நகரத்திலேயே, செயின்ட் லூயிஸ் அணியையே, நான்காவது கூடுதல் நேரத்தில் 2-1 என்று அடித்தார்கள். பத்தொன்பது ஆட்டம், பத்தொன்பது வெற்றி. அந்தப் பட்டத்தை எவனாலும் தொட முடியவில்லை. இதைச் சொல்லும்போது என் நண்பன் எழுந்து நின்றுகொண்டுதான் சொல்லுவான்.

பெண்கள் கதை இன்னொன்று. ஆண்கள் பெண்கள் அணிக்குக் கோச்சாவது அமெரிக்காவில் சர்வ சாதாரணம், யாரும் புருவம் உயர்த்துவதில்லை. பெண் ஆண்கள் அணிக்கு வந்தால் மட்டும் 'பையன்கள் கேட்பார்களா?' என்று கவலை பிறந்துவிடும். கிம் வையன்ட் 1985இல் அமெரிக்கப் பெண்கள் தேசிய அணி ஆடிய முதல் ஆட்டத்தில் கோல்கீப்பராக நின்றவர். அவர் மூன்றாம் பிரிவிலுள்ள நியூயார்க் பல்கலைக்கழக ஆண்கள் அணிக்கு 2015இல் தலைமைக் கோச்சானபோது, நாட்டில் அப்படிப்பட்ட இன்னொரு பெண்ணைத் தேடித்தான் பிடிக்கணும். 2022இல் சிகாகோ பல்கலைக்கழகம் ஜூலியன் சிட்ச் என்ற பெண்ணைக் கூப்பிட்டது. வந்த முதல் வருசமே 22 வெற்றி, ஒரு சமன், தோல்வி இல்லை. இறுதியில் வில்லியம்ஸ் கல்லூரியை 2-0. என்.சி.ஏ.ஏ. ஆண்கள் கால்பந்தில் பெண் கோச் வென்ற முதல் பட்டம். பையன்கள் கேட்டார்களா இல்லையா என்பதை இனி யாரும் கேட்க வேண்டாம்.

வெளியிலிருந்து வந்தவர் சிட்ச், பழைய அணியை வைத்துத்தான் ஜெயித்தார். உள்ளாள், வெளியாள் என்பதில் விசயம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாரைக் கேட்டு மாற்றுகிறீர்கள், இருக்கிறவனை என்ன செய்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

2020 ஆகஸ்டில் வெஸ்ட் கோஸ்ட் மாநாடு என்ற கல்லூரிக் கூட்டமைப்பு, கூடைப்பந்து வீரர் பில் ரஸ்ஸலின் பெயரில் ஒரு விதி கொண்டுவந்தது. முதல் பிரிவுதான், ஆனால் சின்ன சின்னத் தனியார் கல்லூரிகள் நிறைந்த கூட்டமைப்பு. தலைமைக் கோச், முழுநேர உதவிக் கோச் வேலைகளுக்கு இறுதிச் சுற்றில் புறக்கணிக்கப்பட்ட பிரிவினர் ஒருவராவது இருந்தாக வேண்டும். அமெரிக்கக் கால்பந்து என்று அவர்கள் சொல்கிற அந்த இன்னொரு ஆட்டத்தின் தொழில்முறை லீக்கில் 2003லிருந்தே இப்படி ஒன்று உண்டு. வரவேற்கிறேன். ஆனால் நேர்காணலுக்குக் கூப்பிடுவது வேலை கொடுப்பதாகாது. பெயருக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து அனுப்பிவிட்டு, ஏற்கனவே முடிவு பண்ணினவனைப் போடுகிற வித்தை எந்த நாட்டு நிர்வாகத்துக்கும் தெரியும். உதவிக் கோச்சுக்குச் சாப்பிடுகிற அளவு சம்பளம் கொடுங்கள், உரிமத்துக்கான பணத்தைக் கல்லூரி கட்டட்டும். அதைச் செய்யாமல் இறுதிச் சுற்றில் மட்டும் நாற்காலி போட்டால், உட்கார ஆள் எங்கிருந்து வருவான்?

பையன்கள் விசயத்தில் நான் கேட்பது பெரிசு ஒன்றுமில்லை. சில கல்லூரிகளில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களை அணியோடு உட்கார வைத்துப் பேச விடுகிறார்கள், அதை எல்லா இடத்திலும் கட்டாயமாக்கணும். இருக்கிற ஆட்டக்காரனுக்கு ஒரு முழுப் பருவம் அணியில் இடம் உண்டு என்று கல்லூரி, கோச் அல்ல, கல்லூரி எழுதித் தரணும். களத்தில் யாரை இறக்குவது என்பது கோச்சின் உரிமை, அதில் நான் தலையிடவில்லை. ஒரு பருவம் அவனைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அது ஆட்டத்தின் முடிவு. பந்தைத் தொடுமுன்னே கதவில் தாள் ஒட்டினால் அது வேறு.

கால்பந்து நடக்கிற கல்லூரியே இல்லாமல் போவதும் உண்டு. அலபாமாவில் பர்மிங்காம்-சதர்ன் கல்லூரி 2024 மே 31 அன்று மூடியேவிட்டது. அங்கே கோச்சும் ஆட்டக்காரனும் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். நிர்வாகம் வேறு ஊரில் வேறு பதவிக்குப் போகும், அது தனிக்கதை.

என் நண்பன் அந்த மே மாதம் வரை படித்துவிட்டு வேறு மாநிலத்தில் இரண்டு வருசக் கல்லூரி ஒன்றுக்கு மாறினான். அங்கே கோல்கீப்பராக நின்றான். கடன் அவன் அம்மா பெயரில்தான் இருந்தது. 30ஆம் எண் பையை மார்ச்சில் புதுப்பையன் ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அதையும் நான்தான் துவைத்தேன்.